இரண்டு டிஸ்க்குக்கு மூன்று ஓலை

"உங்க வீட்டுக் கம்ப்யூட்டர் கண்ணு முழிச்சா எங்க வீட்டு ஃபேன் உசுரை விடுது. ஒரு வீட்டுக்கு ஒரு டிஸ்க் போதாதா? ஜோடி போட்டு ஊர் கரண்டையெல்லாம் உறிஞ்சினா மத்தவங்கள்லாம் மனுஷங்களா, மரவட்டைங்களா?"

மூன்றாவது மாடி குந்தவை சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஓர் எழுத்துக்கூட என் சொந்தச் சரக்கு இல்லை. கான்வென்ட்டில் டிக்டேஷனில் எனக்குத் தப்பே வந்தது கிடையாது. மரவட்டை வரைக்கும் அவளுடையதுதான்.

அவள் இதைக் கத்தியது எங்கள் ராக்ஃபோர்ட் வியூ அபார்ட்மெண்ட்ஸின் கார் நிறுத்துமிடத்தில். பெயரைப் பார்த்து மலைக்கோட்டை தெரியும் என்று நினைத்து யாரும் வாடகைக்கு வந்துவிடாதீர்கள். தெரிவது எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி. திருச்சியின் ஏப்ரல் சாயங்காலம். விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் கட்டடத்தில் மட்டும் கரண்ட் போய்விட்டது. எதிர்ப் பக்கமெல்லாம் ஜகஜ்ஜோதி. அப்படியானால் எங்கள் ஃபியூஸ்தான் போயிருக்கிறது. வாட்ச்மேன் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவரப் போயிருந்தார். வீட்டுக்குள் கிடந்து வேக விரும்பாதவர்கள் எல்லோரும் விசிறியும் காலண்டர் அட்டையுமாகக் கீழே இறங்கியிருந்தோம்.

குந்தவைதான் எங்கள் சங்கத்துச் செயலாளர். அவள் கொண்டுவந்த சட்டம் ஒன்று உண்டு: எந்த வீட்டுச் சாமானால் ஃபியூஸ் போகிறதோ, அந்தச் சாமான் கட்டடத்தைவிட்டே வெளியேற வேண்டும். முதல் மாடி பல்கீஸின் கிரைண்டர் அப்படித்தான் நாடு கடத்தப்பட்டு, உறையூரில் அவள் தங்கை வீட்டில் அகதியாக உட்கார்ந்திருக்கிறது. மாவரைக்க அவள் பஸ் ஏறிப் போகிறாள். அன்றைக்கு என் கம்ப்யூட்டரின் முறை.

அது கடையில் பெட்டியோடு வாங்கியது இல்லை. பாகம் பாகமாகப் பொறுக்கி வாங்கி, டைனிங் டேபிளில் பரப்பி, என் கையாலேயே கோத்தது. ஃபைல்களைச் சேர்த்து வைக்கிற டிஸ்க்கை மட்டும் வேகத்துக்காக ஜோடியாகப் போட்டேன். எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழு ஈஸ்டர் அன்று வெளியிடும் வீடியோவை வெட்டி ஒட்டும் பொறுப்பு என்னுடையது. பழைய கம்ப்யூட்டர் ஓர் அல்லேலூயாவைத் திறப்பதற்குள் சாம்பாரைக் கொதிக்கவிட்டு இறக்கிவிடலாம். புதியது பறிபோனால் பொறுப்பு அதே குழுவில் பாடும் ஜெனோவாவிடம் போகும். ஜெனோவா எடுக்கிற வீடியோவில் யாருக்கும் தலை இருக்காது.

"ஒரு மிக்ஸி தின்கிற கரண்ட்கூட இது தின்னாது, போய் வேறு வீட்டில் தேடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். முடிக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் குந்தவை கூட்டத்தைப் பார்த்து, "அந்த டிஸ்க்கைப் பார்த்திருக்கீங்களா? சூயிங்கம் அளவு. ரெண்டைச் சொருகிட்டு ராக்கெட் விட்ட மாதிரி பேச்சு. எங்க வீட்டு வேலைக்காரிகூடச் சொருகுவா" என்றாள்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். என் வேலையைச் சொல்லக் கூடாது.

"சொருகறதா?" என்றேன். "இது என்ன சேஃப்டி பின்னா? டிஸ்க் சூயிங்கம் அளவுன்னா அதை இறுக்கிப் பிடிக்கிற திருகாணி எவ்ளோ இருக்கும்? கடுகுல கால்வாசி. அதை மேஜைமேல வெச்சுட்டு ஸ்க்ரூடிரைவரை எடுக்கத் திரும்பினேன். பார்த்தா ஒரு எறும்பு அதைத் தலைமேல தூக்கிட்டுப் போகுது."

"எறும்பு இரும்பைத் தின்னுமா?" என்று யாரோ இருட்டிலிருந்து கேட்டார்கள்.

"தின்ன இல்லீங்க. அதோட புத்துக்குக் கதவு வெக்கப் போகுது, கீல் மாட்டத் திருகாணி வேணும். நான் விடுவேனா? அது ஜன்னலைத் தாண்டிச்சு, நானும் தாண்டினேன். அது தண்ணிக் குழாயைப் பிடிச்சு இறங்கிச்சு, நானும் இறங்கினேன்."

"அஞ்சாவது மாடியிலேர்ந்தா?" என்றாள் பல்கீஸ்.

"நாலாவது மாடி வந்ததும் மூச்சு வாங்கிச்சு."

"உங்களுக்கா?"

"எறும்புக்கு. எனக்கெதுக்கு? மூணாவது மாடியில உங்க கிச்சன் ஜன்னல் வழியா உள்ள போச்சு, குந்தவை. உங்க சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி அதுங்க ஒரு மாநகராட்சியே நடத்துதுங்க, நீங்க துடைச்சா தெரியும். ஊர்ப் பெரிய எறும்புகிட்ட உட்கார்ந்து பேசி, ஒரு துண்டு கருப்பட்டி குடுத்து, திருகாணியை மீட்டுக்கிட்டு வந்தேன்."

"என் கிச்சனுக்குள்ள வந்தீங்களா?" குந்தவை விசிறிக்கொண்டிருந்த காலண்டர் அட்டை நின்றது.

"எறும்போட விருந்தாளியா வந்தேன். உங்க விருந்தாளியா வந்திருந்தா காப்பியாவது கிடைச்சிருக்குமா?"

கூட்டம் சிரித்தது. சிரித்தால் போதும், எனக்குப் பிரேக் பிடிக்காது.

"திருகாணி கிடைச்சா மட்டும் ஆச்சா? அதுக்கப்புறம்தான் ஆட்டமே. மதர்போர்டுல ரெண்டு இடம் இருக்கு. மேல் இடம் பிராசசருக்கு அடுத்த வீடு. கீழ் இடம் பின் தெரு மாதிரி. ரெண்டு டிஸ்க்கும் மேல் இடத்துக்கு அடம். ஒண்ணை மேல வெச்சா இன்னொண்ணு ஸ்க்ரீன்ல முகமே காட்டாது. மாத்தி வெச்சா அது ஒளிஞ்சுக்கும். ஒரே கடை, ஒரே அளவு, ஒரே தேதியில செஞ்சது. ஆனா ஜோடி சேர மாட்டேங்குது. அப்புறம்தான் எனக்கு உறைச்சுது, முறைப்படி எதுவுமே செய்யலையேன்னு. மூணு ஞாயிறு ஓலை வாசிச்சேன்."

"ஓலையா? அது என்னக்கா?" பல்கீஸுக்குத் தெரியவில்லை.

"எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை பொண்ணு பேரும் மாப்பிள்ளை பேரும் வாசிப்பாங்க. தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க சொல்லிடணும். அதே மாதிரி, பூசை முடிஞ்சு வந்து, தலையில முக்காட்டை எடுக்காம, டைனிங் டேபிள்கிட்ட நின்னு வாசிச்சேன்: 'சிங்காரத்தோப்புக் கடை ரெண்டாவது ஷெல்ஃப் மேல் தட்டிலிருந்து வந்த டிஸ்க்கும், மேற்படி கடை மேற்படி தட்டு டிஸ்க்கும் ஒன்று சேர விரும்புகிறார்கள். தடை அறிந்தோர் தெரிவிக்கவும்.' முதல் ஞாயிறு சத்தமே இல்லை. ரெண்டாவது ஞாயிறு ஃப்ரிட்ஜ் லேசா முனகிச்சு, ஆனா குறிப்பா ஒண்ணும் சொல்லலை. மூணாவது ஞாயிறு பரண்லேர்ந்து, 'கர்ர்ர்… டக்'."

"பல்லியா?"

"பழைய கம்ப்யூட்டரோட ஹார்ட் டிஸ்க். ஆட்சேபணை! 'எங்கிட்ட இருந்த ஃபைலையெல்லாம் இந்த மாப்பிள்ளைதான் வாங்கிக்கிட்டான். போட்டோ, பாட்டு, கேஸ் ரசீது, ஒண்ணு விடலை. எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு இப்ப வேற இடத்துல சம்பந்தமா?'ன்னு கேக்குது. நியாயந்தானே?"

"நியாயந்தான்" என்றது கூட்டம். அதிலும் பெண்கள் குரல்தான் அதிகம்.

"நான் பரண்ல ஏறி உட்கார்ந்து பேசினேன். 'இதோ பாரு, உன் காலம் வேற. வேலை சொன்னா நீ தலை சுத்திச் சுத்தி விழற. அதுங்க சுத்தறதே கிடையாது, இருந்த இடத்துலயே எல்லாம் முடிக்குதுங்க. கௌரவமா ஒதுங்கிக்கோ'ன்னேன். ஒரு முழு நாள் அழுதுச்சு. அப்புறம் ஆசீர்வாதம் பண்ணிட்டு அடங்கிடுச்சு."

"நோன்பு காலத்துல உங்கள்ல கல்யாணமே கிடையாதேக்கா?" பல்கீஸ் சாமான்யப்பட்டவள் இல்லை. அவள் படித்ததும் என் கான்வென்ட்தான், பத்து வருஷம் பிந்தி.

"அதனாலதான் நோன்பு தொடங்கற சாம்பல் புதனுக்கு முந்தின நாளே முடிச்சு வெச்சேன். பிரியாணிகூடப் போட்டேன்."

"எங்களைக் கூப்பிடலையே?"

"நெருங்கிய சொந்தம் மட்டும். கீ-போர்டு, மவுஸ், அவ்வளவுதான்."

குந்தவை காலண்டர் அட்டையால் தொடையில் தட்டினாள். "கல்யாணக் கதை போதும். அதுக்கப்புறந்தானே கரண்ட் தொந்தரவு? அந்த ஜோடி அப்படி என்ன வேலை பார்க்குதாம்? அதைச் சொல்லுங்க."

இது பொறி. எனக்குப் பொறி என்று தெரிந்தது. எலிக்கும் தெரியும்தான், ஆனால் மசால்வடை வாசனை என்று ஒன்று இருக்கிறதே.

"என்ன வேலையா? ஒரு சங்கதியைக் குடுத்தா பாதியை இது வாங்கிக்கும், பாதியை அது வாங்கிக்கும். திருப்பிக் கேட்டா ரெண்டும் ஒரே நேரத்துல சொல்லும். புருஷன் ஆரம்பிச்ச வாக்கியத்தைப் பொண்டாட்டி முடிக்கிற மாதிரி. வேகம் ரெட்டிப்பு."

"எங்க வீட்ல முழு வாக்கியத்தையும் நானே சொல்லிடுவேன்" என்றாள் பல்கீஸ்.

"அதான் உங்க வீடு ஸ்லோ. நான் முதல் தடவை ஸ்விட்சைத் தொட விரலை நீட்டினேன். விரல் போய்ச் சேரலை. அதுக்குள்ள அது ஆன் ஆகி, அன்னிக்கு வேலையெல்லாம் முடிச்சு, தானே ஆஃப் ஆகித் தூங்கிடுச்சு. பாஸ்வேர்டு என்ன வெக்கலாம்னு நான் யோசிக்க உட்கார்ந்தேன், யோசிக்கறதுக்கு முன்னாடியே 'தப்பு'ன்னு சொல்லுது. குருத்து ஞாயிறு பாட்டு இருக்கு பாருங்க, பாடகர் குழு ஒத்திகைக்கே வரலை, இங்க வீடியோ தயார்! அதைப் போட்டுப் பார்த்துத்தான் அவங்க பாட்டையே கத்துக்கிட்டாங்க. ஜெனோவா எந்த இடத்துல சுதி விடுவான்னுகூட அதுல இருந்துச்சு. அச்சு அசலா அந்த இடத்துலயே விட்டா."

"இருங்க, இருங்க." குந்தவை ஓர் அடி முன்னால் வந்தாள். "எங்க வீட்டு இட்லி மாவு அரைச்சு மூடறதுக்குள்ள புளிச்சுப் பொங்குதே, அதுவும் இந்த வேகத்தாலதானா?"

அது இந்த வெயிலால். சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் வெயிலுக்கு எதற்கு அந்தப் பெருமையை விட்டுக்கொடுப்பது?

"பின்னே? அவ்வளவு வேகத்தை ஒரு பெட்டிக்குள்ள அடைக்க முடியுமா? சுவர் வழியா கசியத்தான் செய்யும். நீங்க மாவோட தப்பிச்சீங்க. ரெண்டாவது மாடியில முருங்கைக்காயை வெட்டி வெச்சா குழம்பாவே ஆயிடுதாம்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்று குந்தவை கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். "மாவை ஒப்புத்துக்கிட்டாங்க."

பல்கீஸ் என் முழங்கையைக் கிள்ளினாள். "அக்கா, வாயைக் கொஞ்சம் குறைங்க. கிரைண்டர் விஷயத்துல நானும் இப்படித்தான். 'எங்க கிரைண்டர் கல்லைப் போட்டாலும் அரைக்கும்'னு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், முடிஞ்சுது. ஈஸ்டருக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு, பார்த்துக்கங்க."

நல்ல புத்திமதி. நல்ல புத்திமதியை நான் எப்போதுமே பிறர் உபயோகத்துக்காகத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன்.

"அப்ப சூடு?" என்றாள் குந்தவை, தேனாக. "சூடெல்லாம் ஆகாதா, ஃபுளோரா மேடம்?"

"ஆகாதாவா! அதுக்குன்னு மேல ஒரு அலுமினியத் தகடு இருக்கு. ஜோடி ரெண்டும் வேகம் எடுத்துச்சுன்னா அந்தத் தகட்டுல அப்பளம் பொரியும். எண்ணெய் வேண்டாம். தவக்காலம் முழுக்க எங்க வீட்ல கேஸே பத்த வெக்கலை. தோசை அதுல, மீன் அதுல, இவர் சட்டைக்கு இஸ்திரி அதுல."

"அப்ப இந்த வருஷம் இவ்வளவு வெயில் அடிக்கிறதும்…"

"வெயிலா? திருச்சிக்கு வெயில் சூரியன்லேர்ந்து வருதுன்னா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? சூரியனே தினம் காலையில எங்க மொட்டை மாடியில வந்து குளிர் காய்ஞ்சுட்டுத்தான் வேலைக்குப் போகுது!"

"ஒப்புத்துக்கிட்டாங்க" என்றாள் குந்தவை. "வெயிலும் இவங்கதான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கழுத்தில் வேர்வை வழிய நிற்கிறவர்களிடம் வெயிலுக்கு நான்தான் பொறுப்பு என்று சொன்னால் சிரிப்பார்களா? யாரோ விசிறியை என் பக்கம் நீட்டிக் காட்டி ஏதோ முணுமுணுத்தார்கள். கொஞ்சம் இரக்கம் சம்பாதிக்க வேண்டிய நேரம் என்று பட்டது.

"நான் மட்டும் கஷ்டப்படலைன்னா நினைக்கிறீங்க? வேகம் தாங்க முடியாமதான் போன வாரம் முறையையே மாத்தி வெச்சேன். பாதி பாதி வேண்டாம், ரெண்டுலயும் முழுசு முழுசா எழுதுன்னு சொல்லிட்டேன். இதுல இருக்கிறது அச்சா அதுலயும் இருக்கும். நாளைக்கு ஒண்ணு மண்டையைப் போட்டாலும் இன்னொண்ணுல பாட்டு பத்திரமா இருக்கும். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனா அந்தப் பழக்கம் வீடு பூரா ஒட்டிக்கிச்சு. ஒரு முட்டையை உடைச்சா ரெண்டு விழுது. ஒரு செருப்பைக் கழட்டி விட்டா மூணு கிடக்குது, அது என்ன கணக்கோ. சாயங்காலம் கதவைத் திறக்கறேன், எங்க வீட்டுக்காரர் ரெண்டு பேரா நிக்கறார்."

"ஐயய்யோ!" என்றாள் பல்கீஸ், தன்னை மறந்து.

"ரெண்டு ஸ்தனிஸ்லாஸ். ரெண்டு பேர் கையிலயும் டிபன் பாக்ஸ், ரெண்டையும் கழுவலை. ஒருத்தர் சோஃபாவுல இந்தக் கோடி, ஒருத்தர் அந்தக் கோடி. 'ஃபுளோரா, காப்பி'ங்கறார் இவர். 'எனக்கும்'ங்கறார் அவர். உண்மையைச் சொன்னா முதல் ரெண்டு நாள் எனக்கு வித்தியாசமே தெரியலை, வேலை செய்யறவர் எண்ணிக்கை அதே பூஜ்யந்தானே. காப்பிப் பொடி தீர்ந்ததும்தான் பொறுமை போச்சு. ஒருத்தரை டெலீட் பண்ணிட்டேன்."

"சுபம்" என்றார் இருட்டிலிருந்தவர்.

"என்ன சுபம்? ஜோடி டிஸ்க்கோட சட்டம் தெரியாம பேசாதீங்க. ஒண்ணுல அழிச்சா ரெண்டுலயும் அழியும்! ரெண்டு பேரும் போயிட்டார். சோஃபாவுல ரெண்டு குழி மட்டும் இருக்கு."

"அழுதீங்களாக்கா?"

"மத்தியானம் வரைக்கும் தூங்கினேன். அவ்வளவு நிம்மதியா நான் தூங்கி வருஷக்கணக்காச்சு. எழுந்ததும் கேஸ் சிலிண்டர் மாட்ட ஆள் இல்லையேன்னு ஞாபகம் வந்து, பழைய பென் டிரைவ்ல எடுத்து வெச்சிருந்த காப்பியிலேர்ந்து அவரை மறுபடி ஏத்தினேன். ஆனா அது போன ஜனவரியில எடுத்த காப்பி. அதான் மனுஷன் இன்னும் பொங்கல் வாழ்த்து சொல்லிக்கிட்டுத் திரியறார்."

மறுபடி சிரிப்பு வந்தது. பல்கீஸ் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் கம்ப்யூட்டர் பிழைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

குந்தவை சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். செயலாளர் பதவிக்குச் சும்மாவா தேர்ந்தெடுத்தோம்?

"எல்லாம் சரி, ஃபுளோரா மேடம். ஒரே ஒரு கேள்வி. இன்னிக்குச் சாயங்காலம், கரண்ட் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அந்தக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணீங்களா, இல்லையா?"

பல்கீஸ் எனக்கு மட்டும் தெரியும்படி தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். அன்று சாயங்காலம் நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. அடுப்படியில் நின்று ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். "இல்லை" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சின்ன வார்த்தை. ஆனால் அத்தனை பேர் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். எறும்பு, ஓலை, இரண்டு புருஷன் என்று இவ்வளவு தூரம் கூட்டிவந்தவர்களை ஓர் "இல்லை"யில் கொண்டுபோய் இறக்கிவிடுவதா? கண்டக்டர்கூடச் செய்யமாட்டான்.

"ஆன் பண்ணீங்களாவா?" என்றேன். "இந்தக் கையாலதான் பண்ணேன். முழு ஈஸ்டர் பூசையையும் ஒரே மூச்சுல குடுத்தேன். ரெண்டு டிஸ்க்கும் ஒண்ணையொண்ணு பார்த்துச்சு, மூச்சை உள்ள இழுத்துச்சு. சுவர்ல இருந்த கரண்ட் போச்சு. கம்பத்துல இருந்த கரண்ட் போச்சு. பத்தாம, கம்பி வழியாவே நேரா மேட்டூருக்குப் போய், அங்க இன்னும் கரண்ட் ஆகாம தண்ணியா இருந்ததையும் சேர்த்து உறிஞ்சிடுச்சு! நாளைக்கு நியூஸ்ல அணையோட நீர்மட்டத்தைக் கேளுங்க. என் பேரைச் சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்."

எதிர் வீட்டு டி.வி.யில் யாரோ அழும் சத்தம் மட்டும் கேட்டது.

"போதும்" என்றாள் குந்தவை. "அவங்க வாயாலயே வந்துடுச்சு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அந்தக் கம்ப்யூட்டர் நாளைக்குக் காலையில இந்தக் கட்டடத்தைவிட்டு வெளிய போகணும். சரின்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க."

கைகள் எழும்பின. முதலில் இரண்டு, பிறகு வியர்வையில் நனைந்த கைகளெல்லாம். கண்முன்னால் ஜெனோவாவின் ஈஸ்டர் வீடியோ ஓடியது. நாற்பது பேர் பாடுகிறார்கள், ஒருவருக்கும் தலை இல்லை.

அப்போது படிக்கட்டில் டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி இறங்கியது. ஸ்தனிஸ்லாஸ். ஒரே ஒருவர்தான். "என்ன, எல்லாரும் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கறீங்க, துப்பாக்கி கிப்பாக்கி வெச்சிருக்காங்களா?" என்றார்.

"உங்க வீட்டுக் கம்ப்யூட்டரால ஃபியூஸ் போச்சு சார்" என்றாள் குந்தவை. "மேடமே ஒத்துக்கிட்டாங்க. சாயங்காலம் ஆன் பண்ணாங்களாம்."

அவர் டார்ச்சை என் முகத்தில் அடித்தார். பிறகு குந்தவையின் முகத்தில். என் வீட்டுக்காரருக்குக் கற்பனை என்பது கொஞ்சம்கூடக் கிடையாது. ஊறுகாய்க்குக்கூட வைத்திருக்கமாட்டார்.

"எப்படி ஆன் பண்ண முடியும்?" என்றார். "கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போற வயரைத்தான் நேத்தே நீங்க வந்து வாங்கிட்டுப் போயிட்டீங்களே, உங்க ரைஸ் குக்கர் வயர் எரிஞ்சு போச்சுன்னு? ரெண்டுக்கும் ஒரே மாதிரி மூணு ஓட்டைதானே, நீங்க வாசல்ல நின்னீங்க, நான்தான் உள்ள போய்க் கழட்டிக் குடுத்தேன். இவ அப்ப மார்க்கெட் போயிருந்தா."

தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன.

பல்கீஸ்தான் முதலில் கையை இறக்கினாள். மெதுவாக, ருசித்து இறக்கினாள். "குந்தவைக்கா," என்றாள். "விளக்கு வைக்கிற நேரத்துல உங்க வீட்ல என்ன வெந்துக்கிட்டு இருந்துச்சு?"

"…வெண்பொங்கல்" என்றாள் குந்தவை. பிறகு, "கொஞ்சந்தான்" என்றாள். பிறகு, "ஏ.சி.யும் போட்டிருந்தேன்" என்று அவளாகவே சொல்லிவிட்டாள், யாரும் கேட்கவே இல்லை.

அந்த இடத்தில் எனக்குக் கிடைத்த விடுதலையை வாங்கிக்கொண்டு நான் மாடி ஏறியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் தப்பிவிட்டது, ஃபியூஸ் குந்தவையின் பொங்கலில் வெந்துவிட்டது. ஆனால் கூட்டம் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. எல்லா முகத்திலும் அதே இளிப்பு. இருட்டிலிருந்தவர் கேட்டே விட்டார்: "வயரே இல்லாமயா மேட்டூரை உறிஞ்சுச்சு?"

"வயரா?" என்றேன். குரலில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை, கான்வென்ட் வளர்ப்பு. "வயர் எதுக்குங்க? ஒத்தை டிஸ்க் வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் வயர். இது ஜோடி. மேல் டிஸ்க் கீழ் டிஸ்க்குக்குக் கரண்ட் குடுக்கும், கீழ் டிஸ்க் அதைச் சூடு ஆறாம மேல் டிஸ்க்குக்குத் திருப்பிக் குடுக்கும். அதுங்களுக்குள்ளயே குடுத்து வாங்கிக்கும். வெளியிலேர்ந்து ஒரு பொட்டுக் கரண்ட் வேண்டாம். வயரை மாட்டினாத்தான் அதுங்களுக்குக் கோபம் வரும்."

கைதட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள். நான் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கூட ஏற்றுக்கொண்டேன்.

"அப்படின்னா சரியாப் போச்சு" என்றாள் பல்கீஸ். "குந்தவைக்கா, வயரை நீங்களே வெச்சுக்குங்க. ஃபுளோராக்காவுக்குத் தேவையே இல்லையாம்."

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் குந்தவை. முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. சட்டப்படி நாடு கடத்த வேண்டிய அவள் குக்கர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. "எதிர்ப்பு இல்லையே? தீர்மானம் நிறைவேறியது. கூட்டம் முடிஞ்சுது."

அவள் அதைச் சொல்லி வாயை மூடவும் எலக்ட்ரீஷியன் ஃபியூஸைச் செருகவும் சரியாக இருந்தது. கட்டடம் முழுக்க விளக்கு. குழாயடி முதல் மொட்டை மாடி வரை ஒரே ஆரவாரம். எல்லோரும் லிஃப்டுக்கு ஓடினார்கள். குந்தவை முதலில் ஏறிக்கொண்டாள், அவள் பின்னால் பாதிக் கட்டடம், கடைசியாகப் பல்கீஸ். ஸ்தனிஸ்லாஸ்கூட எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டார். மேலே ஐந்தாவது மாடியில், பாடி முடித்த நாற்பது பேர் வெட்டாமல் ஒட்டாமல் அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு, அவ்வளவுதான் பாக்கி.

நான் லிஃப்ட் வாசலுக்குப் போனேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"குந்தவை… சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன். பொங்கல் வெந்து முடிஞ்சதும், அந்த வயரைக் கொஞ்சம் குடுத்தனுப்பறீங்களா?"